கம்பிக்குக் கண்ணில்லை

ஓர் உயிரைக் கொல்லுதல் எப்போது குற்றமாகிறது என்னும் வினா மிகப் பழையது. அறநூலோரும் சமயத்தாரும் அதற்குப் பல விடைகள் கூறியுள்ளனர். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும், கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். எனினும், இவ்வினாவோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துள்ள மற்றொரு வினாவை நம் வகுப்பறைகள் அரிதாகவே எழுப்புகின்றன. கொல்பவன் எந்த நிலையில் நின்று கொல்கிறான்? கொல்லாது விடும் வாய்ப்பு அவனுக்கு இருந்ததா? கொல்லாமையை அறமெனப் போற்றுமுன், அவ்வறத்தை மேற்கொள்ளத் தேவையான நிலமும் நேரமும் எவர் கையில் உள்ளன என்று கேட்டல் வேண்டும். சப்ரகமுவவின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களின் நடுவே ஆசிரியப் பணி செய்யும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியாகத் தோன்றவில்லை.

வேட்டையை ஒழுக்கப் பயிற்சியாகவே கருதும் சமூகங்கள் உலகில் உண்டு. அலாஸ்காவிலும், கனடாவின் வடபுலத்திலும், ஸ்வீடன், நோர்வே முதலிய நாடுகளிலும் இலையுதிர் காலத்தில் தந்தை தன் வளர்ந்த மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு மூஸ் என்னும் மானை வேட்டையாடக் காட்டுக்குச் செல்லும் வழக்கம் இன்றும் நிலவுகிறது. மானினத்தில் மிகப் பெரியது மூஸ். நன்கு வளர்ந்த ஆண் 500 கிலோகிராமுக்கும் மேல் நிறைகொள்ளும். ஒன்றை வீழ்த்தினால் ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதற்கும் இறைச்சி கிடைத்துவிடும். வேட்டைக்குரிய பருவம் எது, எவ்விலங்கைச் சுடலாம், எதனை விட்டுவிட வேண்டும் என்பவற்றை ஆங்காங்குள்ள சட்டங்கள் வரையறுக்கின்றன. அலாஸ்காவில் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலே வீணாக விட்டு வருதல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

இவ்வேட்டையைப் போற்றுவோர் கூறும் நியாயம் கவனிக்கத்தக்கது. நாட்கணக்கில் காத்திருக்கவும், காற்றின் திசையறியவும், எதிரே நிற்கும் விலங்கை உற்றுப் பார்க்கவும் பிள்ளை தந்தையிடம் கற்றுக்கொள்கிறது. ஐயம் எழுந்தால் துப்பாக்கியைத் தாழ்த்திவிட வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறது. சுடும் வித்தையைக் காட்டிலும் சுடாது நிற்கும் வித்தையே பெரிதென அவர்கள் கூறுவர். இதனை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை, இதில் உண்மையுண்டு. ஆனால், இந்த ஒழுக்கம் எவற்றின்மீது நிற்கிறது என்பதைக் காணத் தவறுதல் கூடாது. உரிமைச் சீட்டு உடைய ஒருவன், விடுமுறை உடைய ஒருவன், இன்று வெறுங்கையோடு திரும்பினாலும் பட்டினி கிடக்கும் அச்சமில்லாத ஒருவன்—அவனே தன் பிள்ளைக்கு இந்தப் பொறுமையைக் கற்பிக்கிறான்.

இலங்கைக்கும் இந்த மானுக்கும் ஒரு பெயர்த்தொடர்பு உண்டு. மூஸ் என்பது அமெரிக்கப் பெயர். ஐரோப்பாவில் அதே விலங்கை ஆங்கிலேயர் எல்க் என்றழைத்தனர். இலங்கையின் மலைநாட்டுக்கு வந்த ஆங்கிலேயர் இங்குள்ள மரையைக் கண்டபோது, அது வேறோர் இனமாயினும், அதற்கும் எல்க் என்றே பெயரிட்டனர். தமிழகத்தார் கடமான் என்று வழங்கும் இம்மரை இத்தீவிலுள்ள மானினங்களிற் பெரியது. நுவரெலியாவுக்கு அண்மையில் எல்க் சமவெளி என்னும் இடப்பெயர் இன்றும் வழங்குகிறது. 1848ஆம் ஆண்டு முதல் 1855ஆம் ஆண்டு வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்பவர் வேட்டை நாய்களை ஏவி மரையைத் துரத்தி, அவை மடக்கிப் பிடித்த இடத்தில் கத்தியால் குத்திக் கொல்வதைத் தலைசிறந்த ஆண்மை விளையாட்டாகக் கொண்டாடினார். அவ்வேட்டைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1854ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. ஹோட்டன் சமவெளியில் தோட்டத்துரையான தாமஸ் ஃபார் எழுப்பிய வேட்டை விடுதியும் அம்மரபின் சின்னமே. அச்சமவெளியின் தென்சரிவு நமது சப்ரகமுவவின் பெலிகுல் ஓயாவை நோக்கி இறங்குகிறது என்பதையும் ஈண்டு நினைவிற்கொள்ளலாம்.

சப்ரகமுவ என்னும் பெயருக்கே சபரர் எனப்பட்ட வேட்டுவரின் ஊர் என்று பொருள் கூறுவோர் உளர். அவ்வேட்டுவரின் காடு எவ்வாறு துரைமாரின் வேட்டைக்களமாயிற்று? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைச்சான்று காட்ட இயலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொண்டது. சேனைப் பயிர் செய்து வாழ்ந்த சிங்களக் கிராமத்தான் தலைமுறை தலைமுறையாக நடமாடிய காடு ஒரே நாளில் அவனுக்கு அந்நியமாயிற்று. அக்காட்டை வெட்டிச் சாய்த்துக் கோப்பியும், 1869ஆம் ஆண்டிற் கோப்பியைத் தாக்கிய இலைநோய்க்குப் பின்னர்த் தேயிலையும் றப்பரும் நடுவதற்குத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர். காட்டை அழித்த கை அவர்களுடையது. அழிக்கச் சொன்ன கட்டளையும், அழித்ததால் விளைந்த செல்வமும் பிறருடையவை. சிங்கள உழவன் காட்டை இழந்தான்; தமிழ்த் தொழிலாளி அக்காட்டில் எவ்வுரிமையும் பெறாமலே அதன் ஓரத்தில் லயத்துக் காம்பராவுக்குள் அடைக்கப்பட்டான்.

விலங்குகள் அருகத் தொடங்கியபோது அவற்றைக் காக்கும் எண்ணமும் எழுந்தது. 1894ஆம் ஆண்டில் இலங்கையில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. வேட்டையாடிய ஐரோப்பியரே தொடக்கத்தில் அதில் பெரும்பங்கு கொண்டிருந்தனர். 1937ஆம் ஆண்டில் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று மரையையோ சிறுத்தையையோ கொல்லுதல் குற்றம். இச்சட்டம் வேண்டியதே, அது இல்லாவிடில் எஞ்சிய காட்டில் எஞ்சிய உயிர்களும் இரா. ஆயினும், வரலாற்றின் வரிசையை நாம் மறந்துவிடலாகாது. துரை கொன்றபோது அது வீர விளையாட்டாகவும் நூலாகவும் ஆயிற்று. ஏழை கொல்லும்போது அது வழக்காகிறது. சட்டம் பிறந்த நாள் தொடங்கித்தான் அறமும் பிறந்தது என்று எண்ணுவோமாயின், முன்னையவனின் கணக்கு எழுதப்படாமலே போய்விடும்.

இனி நம் கண்முன் உள்ள நிலைக்கு வருவோம். இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை ஆகிய பகுதிகளில் பல தோட்டங்கள் காட்டுத் தொங்கலை ஒட்டியே அமைந்துள்ளன. ஒருபுறம் சிங்கராஜ வனம், மறுபுறம் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு. லயத்தின் பின்புறச் சரிவில் தொழிலாளி மரவள்ளியும் வற்றாளையும் சிறிது மரக்கறியும் நடுகிறான். அந்நிலம் பெரும்பாலும் அவனுக்குச் சொந்தமன்று. தோட்ட நிருவாகத்தின் பொறுதியால் அவன் அதில் பயிரிடுகிறான். இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் மூன்று மாதத்து உழைப்பு மூன்று நாழிகையில் அழிந்துபோகும். அவனிடம் துப்பாக்கி இல்லை. வேலி அடைக்கப் பணமில்லை. தனதல்லாத நிலத்தில் நிலையான வேலி எழுப்ப உரிமையுமில்லை. பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. அதனைச் சுருக்காக வளைத்து, விலங்கு நடக்கும் தடத்தில் ஒரு மரத்தோடு கட்டிவிட்டு அவன் வீடு திரும்புகிறான்.

அதன்பின் நிகழ்வதற்கு அவன் சாட்சியல்லன். சுருக்கு பன்றியை மட்டுமே பிடிக்கும் என்னும் உறுதி இல்லை. மரையும் வரும், கேளையாடும் வரும், தோட்டத்து மக்கள் புலி என்றே வழங்கும் சிறுத்தையும் வரும். கழுத்திலோ இடுப்பிலோ இறுகிய கம்பி, விலங்கு திமிறத் திமிற மேலும் இறுகுகிறது. உடனே சாவு வருவதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில், சிவனொளிபாதமலையின் அடிவாரத்து நல்லதண்ணிப் பகுதியில், மிக அரிதாகவே காணப்படும் கருஞ்சிறுத்தை ஒன்று இத்தகைய சுருக்கில் அகப்பட்டது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தும் சில நாட்களுள் அது இறந்துபோயிற்று. செய்தித்தாள்கள் பல நாட்கள் அதனைப் பற்றி எழுதின. அந்த இரக்கம் பொய்யானதன்று. ஆனால் அவ்வாண்டுகளில் அத்தோட்டங்களில் மனிதர் என்ன உண்டனர் என்பதை எழுதுவோர் அத்துணைப் பேர் இருந்திலர்.

இவ்விடத்தில், அயல் தோட்டமொன்றில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே நிகழ்ந்ததாக நாம் கேள்வியுற்ற உரையாடல் ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். தந்தை பால்வெட்டும் தொழிலாளி. மகன் கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்பவன். தீபாவளிக்கு ஊர் வந்திருந்தான். மாலையில் கம்பி கட்டுவதற்குத் தந்தை அவனையும் உடன் அழைத்துச் சென்றார். சுருக்கை வளைத்துக்கொண்டிருந்தவரிடம் மகன் கேட்டான்:

“ஏம்ப்பா, பன்னிக்கு வைக்கிற கம்பியில சினை மரை வந்து மாட்டுனா என்ன செய்வீங்க?”

“மாட்டுறது மாட்டும். கம்பிக்குக் கண்ணா இருக்கு, தம்பி?”

“கம்பிக்கு இல்லப்பா. நமக்கு இருக்குதில்ல?”

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கண்ண முழிச்சிக்கிட்டு ராத்திரியெல்லாம் காட்டோரம் நின்னா, காலையில பிரட்டுக்கு யாரு போறது?”

இம்மூன்று கூற்றுகளிலும் நம் பொருள் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. கம்பிக்குக் கண்ணில்லை என்பது உண்மை. நமக்குக் கண்ணுண்டு என்பதும் உண்மை. அக்கண்ணைப் பயன்படுத்த நேரமில்லை என்பதும் உண்மையே. முதற்கூற்றில் செயல் தன்னைச் செய்தவனிடமிருந்து கழன்றுவிடுகிறது. இரண்டாவதில் மகன் அதனை மீண்டும் மனிதனிடம் ஒப்படைக்கிறான். மூன்றாவதில் தந்தை, அறியாமலே, நம் சமூகத்தின்மீது ஒரு குற்றச்சாட்டை எழுதுகிறார்.

பாராமல் கொல்லுதல் எத்தகைய தீமை என்பதை நம் பழங்கதைகள் நன்கு அறிந்திருந்தன. தசரதன் இளமையில் இருளில் நின்று, நீர்நிலையில் எழுந்த ஒலியை யானை நீர் பருகும் ஒலியெனக் கருதி அம்பெய்தான். மாய்ந்தவனோ பார்வையற்ற பெற்றோருக்காகக் குடத்தில் நீர் முகந்த முனிகுமாரன். ஒலிகேட்டு எய்யும் கலையில் தசரதன் வல்லவன். அவன் வல்லமையே அவன் குற்றத்துக்கு வாயிலாயிற்று. கொல்லும் எண்ணம் அவனுக்கு மனிதன்மீது இல்லையெனினும், காணாதிருக்கையில் எய்தான் என்னும் பொறுப்பிலிருந்து கதை அவனை விடுவிக்கவில்லை. மகனைப் பிரிந்து மாளும் சாபம் அவனைத் தொடர்ந்தது. கம்பிச் சுருக்கு அத்தகைய அம்பே. அதனை எய்தவன் உறங்கிக்கொண்டிருக்கிறான் என்பதே வேறுபாடு.

இதற்கு எதிர்நிலையிலும் ஒரு கதை உண்டு. சேக்கிழார் பாடிய திண்ணனார் வரலாற்றில் தந்தை நாகன் பொத்தப்பி நாட்டு உடுப்பூரின் வேட்டுவர் தலைவன். அவன் முதுமையால் தளர்ந்து வேட்டையை விட்டபோது, காட்டு விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. வேடர் திரண்டுவந்து முறையிட்டனர். நாகன் தன் தலைமையை வளர்ந்த மகனுக்கு அளித்துக் கன்னி வேட்டைக்கு அனுப்பினான். அவ்வேட்டையில் யானைக் கன்றைத் தொடராமலும், சிறு குருளைகளைக் கொல்லாமலும், கருவுற்றுத் தளர்ந்து நடப்பவற்றை வதைக்காமலும் வேடர் ஒழுகியதாகச் சேக்கிழார் காட்டுகிறார். அங்கும் வலைகள் கட்டப்பட்டிருந்தன. வலையை அறுத்துக்கொண்டு ஓடிய பன்றியொன்றைத் திண்ணன் நெடுந்தொலைவு துரத்திச் சென்று எதிர்நின்றே குத்தினான். அடியார் பெருமை பேசவந்த காவியத்திற் காணப்படும் இவ்வேட்டுவ ஒழுக்கம் நம் கவனத்துக்குரியது. பயிரழிவே அவ்வேட்டைக்குக் காரணம். இன்றைய இறக்குவானைத் தொழிலாளியின் காரணமும் அதுவே. ஆயின் திண்ணனுக்கு நாடு இருந்தது, தலைமை இருந்தது, உடன்வர ஓர் ஊரே இருந்தது. எதனைக் கொல்லாதிருப்பது என்று தேர்ந்தெடுக்கும் வலிமை அவ்வேடருக்கு இருந்தது. நம் தொழிலாளிக்கு இருப்பது ஒரு முழக் கம்பி.

ஆகவே, நாம் கூற விரும்புவது இதுவே: தந்தை பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க வேட்டை அறம் என ஒன்று உண்டாயின், அது பார்த்தும் காத்தும் நிறுத்தியும் பழகும் பொறுப்பேயாகும். அப்பொறுப்பைத் தாங்குவதற்கு நிலத்தின்மீது உரிமையும் தன் நேரத்தின்மீது ஆட்சியும் வேண்டும். நுவரெலியாவின் கனவானுக்குக் காத்திருக்க நேரம் எங்கிருந்து வந்தது? விடியுமுன் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்றவர்களின் உழைப்பிலிருந்து வந்தது. ஒருவனுடைய ஓய்வைப் பறித்து மற்றொருவனுக்குக் கொடுத்த அமைப்பு, ஓய்வோடு சேர்த்து நயத்தக்க வேட்டை ஒழுக்கத்தையும் அவனுக்கே கொடுத்துவிட்டது. கண்ணற்ற கம்பியை இவனுக்கு விட்டுவைத்தது. பின்னர், இவன் கொடியவன் என்று அதுவே தீர்ப்பும் கூறுகிறது.

அவ்வாறாயின் கம்பி கட்டிய தந்தை குற்றமற்றவரா? அல்லர். வறுமை ஒரு செயலின் காரணத்தை விளக்கும், அச்செயலை நற்செயலாக்காது. சுருக்கில் அகப்பட்ட சினை மரைக்குத் தொழிலாளியின் நாட்சம்பளம் எவ்வளவு என்பது தெரியாது. அதன் வேதனை அதனால் ஓரணுவும் குறையாது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களிற் பட்டினிச்சாவுகள் நேர்ந்தன. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் உணவுப் பண்டங்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இரட்டித்தது. அத்தகைய நாட்களில் பசித்த பிள்ளைக்காக ஒருவன் காட்டில் கைவைத்தான் என்றால் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நம் மனம் ஒருப்படாது. ஆனால் அதே கம்பி, பசி தணிந்த பின்னும், கட்டியவன் மறந்துபோன பின்னும், தடத்திலே வாய் திறந்து காத்துக்கிடக்கிறது. பசிக்கு ஓர் எல்லையுண்டு. கம்பிக்கு அது தெரியாது. ஏழையின் செயலை ஏழையின் செயல் என்பதனாலேயே புனிதமாக்குவது முற்போக்கன்று. அவனைப் பொறுப்பேற்க இயலாதவனாகக் கருதும் மற்றொரு வகை இழிவு அது.

இங்குதான் மகனின் கேள்வி முக்கியத்துவம் பெறுகிறது. சிறுவனாயிருந்தால் அவன் தந்தையின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பான், கேட்டிருக்க மாட்டான். வளர்ந்த பிள்ளை கேட்கிறான். பெற்றோரிடமிருந்து பிள்ளை பெறும் மரபு, பிள்ளை அதனை வினவும் வயதிலேதான் உண்மையில் கைமாறுகிறது. அதற்கு முன் அது வெறும் பழக்கம். தந்தையை இழிவுபடுத்தாமல், அவர் வறுமையை மறவாமல், “நமக்குக் கண்ணுண்டு” என்று கூறிய அவ்விளைஞன் தன் குடும்பத்தின் அறத்தை ஒரு படி முன்னே கொண்டுசென்றான். அவன் ‘உங்களுக்கு’ என்று கூறவில்லை, ‘நமக்கு’ என்றான். பொறுப்பைத் தானும் பங்கிட்டுக்கொண்டான்.

ஆயினும் தந்தையின் மறுவினா விடை பெறாமல் நிற்கிறது. பிரட்டுக்கு யார் போவது? இதற்கு உபதேசத்தால் விடை கூற முடியாது. தனி ஒரு குடும்பம் இரவு முழுவதும் விழித்துக் காவல் காத்தால் மறுநாட் சம்பளம் போய்விடும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், ஒரு குடும்பத்துக்குப் பத்திரவில் ஓரிரவு மட்டுமே காவல் வரும். காவற்பரண் தமிழருக்குப் புதிதன்று. தினைப்புனத்தைப் பரண்மீதிருந்து காத்த பெண்களைச் சங்கப் புலவர் பாடினர். சிங்கள உழவனும் சேனையில் குடில் கட்டி இரவெல்லாம் குரலெழுப்பிப் பயிர் காத்தான். தீயும் ஒலியும் விழித்திருக்கும் மனிதரும் பன்றியைப் பெரும்பாலும் விலக்கிவிடுவர். அங்கே சிறுத்தை சாக வேண்டியதில்லை. தந்தையும் மகனும் அருகருகே அமர்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவ்விரவில், வடநாட்டு வேட்டைக்காரர் பெருமையோடு கூறும் பொறுமையும் கூர்நோக்கும் ஒன்றும் குறைவுபடா. கொலை மட்டுமே குறையும்.

முறைக்காவல் முழு விடையாகிவிடாது. பயிரிடும் துண்டு நிலம் தொழிலாளிக்கு உறுதியோடு சொந்தமாதல் வேண்டும். சொந்த நிலத்துக்கே எவனும் நல்ல வேலி அடைப்பான். பயிரழிவுக்கு இழப்பீடு கிராமத்து உழவனுக்கும் தோட்டத்துத் தொழிலாளிக்கும் ஒருபோலக் கிடைத்தல் வேண்டும். கிழமைக்கு ஒருமுறையேனும் மீனோ இறைச்சியோ கடையில் வாங்கி உண்ணத்தக்க சம்பளம் வேண்டும். காட்டைக் காக்கப் புறப்படும் நகரத்து அன்பர்கள் இக்கோரிக்கைகளைத் தமது கோரிக்கைகளாகவும் ஏற்பார்களாயின், அவர்களுடைய இரக்கம் முழுமைபெறும். தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சோடு நின்றுவிடாமல், இளைஞரைத் திரட்டித் தடங்களிற் கிடக்கும் கம்பிகளை அகற்றும் பணியைத் தம் பணியாகக் கொள்ளல் வேண்டும். உரிமை கேட்போர் பொறுப்பையும் மேற்கொள்வர் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

ஆசிரியரும் மாணவரும் இதில் செய்யத்தக்கது சிறிதன்று. கொல்லாமை அதிகாரத்தை நடத்தும் நாளில், பொருளும் இலக்கணமும் கூறி முடித்தபின், “உங்கள் வீட்டு மரவள்ளியைப் பன்றி தின்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்போம். வகுப்பில் உள்ள பிள்ளைகளுட் சிலர் கம்பி கட்டும் வீட்டிலிருந்து வருபவராயிருப்பர். அவர்கள் தலைகுனியாமல் விடை கூறத்தக்க முறையில் அக்கேள்வி கேட்கப்படல் வேண்டும். அவர்கள் கூறும் விடையிலிருந்து அறமும் பொருளாதாரமும் ஒருங்கே தொடங்கும். அக்கேள்வியை அவர்கள் வீட்டுக்கும் கொண்டுசெல்வர். ஒருநாள் தந்தையோடு காட்டோரம் நடக்கும்போது அதனை மீண்டும் எழுப்புவர். தந்தை அப்போதும் பிரட்டைப் பற்றியே பேசக்கூடும். அந்தப் பேச்சுக்கு நியாயமான விடை அளிக்கும் கடமை மகனுக்கு மட்டும் உரியதன்று. நம் எல்லோருக்கும் உரியது.